நானூறு, அறுநூறு, ஆயிரம்

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
கராஜுக்குள் புரோபேன் ஹீட்டர்
என் ஒரு கன்னத்தை மட்டும் சுடுகிறது.
தண்டர் பே நகரத்து பிப்ரவரி
முடிவதுபோல் பாவனை செய்யும், முடியாது.

பகலில் காரையைச் சுரண்டுகிறேன்.
இரவில் காரை.

கிளினிக்கில் பிறர் வாய்க்குள் விளக்கடித்து
"தினமும் பல்லிடுக்கில் நூல் விடுகிறீர்களா?" என்பேன்.
விடுகிறோம் என்பார்கள்.
ஈறு வேறு சொல்லும்.
இரண்டையும் குறித்துக்கொள்வேன்.
இங்கே பெஞ்சில் கிடக்கும் கேம் மூடிக்கு
அந்தச் சாமர்த்தியம் போதாது.
ஐம்பது வருட எண்ணெய்ப் பிசுக்கு,
உப்பிட்ட சாலைகளில் பூத்த வெள்ளை,
எவனோ ஸ்பேனரை நழுவவிட்ட பள்ளம்,
கேட்பதற்கு முன்பே காட்டிவிடுகிறது.

முதலில் இருநூற்று இருபதாம் நம்பர் தாள், நீளவாக்கில்.
அடுத்து நானூறு, குறுக்காக.
முந்தைய கீறல் ஒன்றுகூட மிஞ்சாமல் போனால்தான்
அறுநூறைத் தொடலாம்.
தொட்டிருக்கிறேன், மிஞ்சியிருக்கும்போதே.
அந்தக் கள்ளத்தனம் கடைசியில்
விளக்கைச் சாய்த்துப் பிடிக்கையில்
நடுநெற்றியில் கோடாக வந்து நிற்கும்.
மறுபடி நானூறு.
ஆயிரத்தில் பால்போல் ஒரு மங்கல் வரும்,
முகம் வராது.
எல்லாமே கீறல்தான்.
கண்ணுக்கு எட்டாத அளவு சிறுத்ததும்
மினுக்கம் என்று பெயரை மாற்றிக்கொள்கிறது.

இரண்டு சொட்டு பாத்திர சோப்பு கலந்த தண்ணீர்
கறுத்துக் கறுத்து முழங்கைவரை வழிகிறது.
இவ்வளவு வெள்ளை உலோகத்துக்குள்
இத்தனை கறுப்பு எங்கே இருந்ததோ.
நகக்கண்ணில் ஏறியது இறங்குவதில்லை.
காலையில் கையுறைக்குள் ஒளித்துக்கொண்டு
திருமதி ஹக்காலாவின் கடைவாய்ப் பல்லை விசாரிப்பேன்.

காரில் பாதிப் பணம் அக்காளுடையது.
எந்தப் பாதி என்று தூலாவும் நானும்
இதுவரை பேசியதில்லை.
அவளுக்கு அது ஓடினால் போதும்.
மே மாதம், பனி வடிந்ததும்,
ஏரியை ஒட்டியே வாவா வரை ஒரே மூச்சில்.
"பானெட்டைத் தூக்கினால்தானே தெரியும்,
யாருக்காக இந்தத் தேய்ப்பு?" என்கிறாள்.
கடைவாயையும்தான் யாரும் பார்ப்பதில்லை, என்கிறேன்.
அவளுக்கு முகம் சுருங்குகிறது.
ஆறு வருடமாக என் நாற்காலியில் அவள் உட்காரவில்லை.

பஃபிங் சக்கரம் வேறு ரகம்.
பழுப்புக் கட்டியை அதற்கு ஊட்டிவிட்டு
மூடியைக் கீழ்ப்பாதியில்தான் காட்டவேண்டும்.
விளிம்பைக் கொடுத்தால் பிடுங்கிக்கொள்ளும்.
தெரியும். நன்றாகவே தெரியும்.
செவ்வாய் இரவு, பத்தே முக்காலுக்கு,
பிடுங்கிக்கொண்டது.

கை காலியானது முதலில் தெரிந்தது.
சத்தம் பிறகு.
மூஸ் மான் இறைச்சி வைத்திருக்கும்
ஃப்ரீசர் கதவில் ஒரு குழி.
மூடி தரையில் பம்பரமாய்ச் சுழன்று
அடங்க மனமில்லாமல்
அடங்கியது.

இரவு உடையும் பனி பூட்ஸுமாக தூலா ஓடிவந்தாள்.
என் பத்து விரலையும் எண்ணினாள்,
ஃபின்னிஷில், ஒன்று விடாமல்.
சொன்னேனே என்று சொல்லவில்லை.
குனிந்து மூடியை எடுத்தாள்,
சட்டை நுனியால் துடைத்தாள்.
அதற்கு அந்தத் துணி ஆகாது.
நான் வாயைத் திறக்கவில்லை.

முனையில் புதிதாய் ஒரு நசுங்கல்.
மற்ற இடமெல்லாம்
குழல்விளக்கு, கூரை, தலைகீழாகத் தொங்கும் சைக்கிள்,
எங்கள் இரண்டு தலை.

அதை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.
ஒற்றை விரலால் உதட்டை விலக்கி
வலப்பக்கம், கடைசிக்கு முந்திய பல்லை
நெடுநேரம் பார்த்தாள்.

"இது கறுப்பா, நிழலா?"

வியாழன் நான்கு மணிக்கு ஓர் இடம் காலி, என்றேன்.

"இந்த நசுங்கல்?"

அது கிடக்கட்டும், பானெட்டுக்குள் யாருக்குத் தெரியும்,
என்று நான் ஹீட்டரை அணைக்கப் போனேன்.
அவள் அரத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்,
தவறான இழுப்பறையில்.